பத்தாயிரமாவது நாள்

காலமையில் ஓடுகிறவனுக்குச் சளி பிடிக்காது. இருபத்தாறு வருசமாக எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் ஓடிப் பார்க்கலாம், ஒபிசர்.

சிவானந்தன் அண்ணைதான் எனக்கு இதைப் பழக்கினவர். லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் ஓட்டக் குழுவில் நாற்பது தமிழர். ஒரு நாளும் விடாமல், இடையில் நிற்காமல், ஒரு மைலாவது ஓட வேண்டும் என்பது சட்டம். தன் மகள் மிதுஷா பிறந்த அன்று அண்ணை ஆஸ்பத்திரிக் கார் பார்க்கைச் சுற்றி ஓடினவர். போன செவ்வாய் அவருக்குப் பத்தாயிரமாவது நாள். விழாவுக்கு ஹோல் புக் பண்ணி, கேக்குக்கும் சொல்லியாயிற்று.

ஆற்றங்கரைப் பாதையில் முந்நூறு மீற்றர்கூட ஓடியிருக்க மாட்டோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

"ஏலாதடா தம்பி, ஆரையும் கூப்பிடு."

நான் யோசித்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரிதான். பிறகு எங்கே ஓட்டம்? பத்தாயிரத்துக்கு ஒரு நாள் குறைவாக நின்ற மனிசனைக் குழுவில் எப்படிப் பார்ப்பார்கள்? ஓட்டத்தையும் துடிப்பையும் பதிகிற அவருடைய மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு ஓடினேன். பதினொரு நிமிடம். திரும்பி வந்து போனை எடுத்தேன். அப்போது அவர் கூப்பிடச் சொல்லவில்லை.

மைல் முடிந்த பிறகுதான் விழுந்தார் என்று எல்லாருக்கும் சொன்னேன். செத்தவீட்டில் பத்தாயிரமாவது நாள் பதக்கத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவருடைய மனைவி சிவகௌரி அக்கா என் கையைப் பிடித்து அழுதா.

"கடைசி வரைக்கும் அவரோட நிண்டனீங்கள், தம்பி."

அந்த நேரத்தில் திருத்தம் சொல்வது மரியாதை இல்லை.

மிதுஷாதான் மணிக்கூட்டின் பதிவைப் போனில் பார்த்தவள். "ஆறு மூண்டுக்கு அப்பான்ர துடிப்பு ஒருக்கா நிக்குது, மாமா. பிறகு பதினொரு நிமிசம் நல்லா அடிக்குது. அது ஆரின்ர இதயம்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் நானாகவே இந்தப் பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்தேன்.

பத்து நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். பத்தாயிரம் இருந்திருக்காது. ஓடிக்கொண்டே கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். பேசினால் மூச்சு வாங்கும், நிற்க வேண்டி வரும். எல்லாம் அண்ணைக்காகத்தான் செய்தேன்.

ஓம், மற்றக் கையில் என்னுடைய மணிக்கூடும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்கவில்லை. நானும் அன்றைக்கு இன்னும் ஓடியிருக்கவில்லையே.