கெயில் சொன்ன எடிட்டர்

— கார் சாவியக் கீழ வை, ஈரோ. முதல்ல என்ன பண்ணித் தொலைச்சேன்னு சொல்லு.

— வழிய விடு, கெயில். இப்பவே மணி மூணு. சூ லுக்அவுட் மீன் பண்ணைக்குப் போக நானூறு கிலோமீட்டர், வெளியில பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஆறு மணிக்கு இங்க, நம்ம ஊர்லயே, என் பொண்ணு கைசாவுக்கு ஹாக்கி ஃபைனல். அவதான் கோல்கீப்பர். கண்டிப்பா வரேன்னு வாக்கு குடுத்திருந்தேன், அது போச்சு.

— அங்க இருக்குற சர்வர் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?

— செத்துப்போச்சு. மீன் பண்ணையில காத்து பம்பு ஓடுற நேரத்த மாத்தலாம்னு இங்கிருந்தே ஃபைலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி மாத்தினேன், தாயே. ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு. எதத் தட்டினாலும் அசையல.

— இன்னொரு விண்டோ திறந்து உள்ள போய்ப் பாத்தியா?

— எங்க பாக்குறது? கை கால் ஓடல எனக்கு.

— நல்ல ஆளுய்யா நீ. இரு, என் மெஷின்லேருந்து போறேன்... இந்தா, உள்ள விட்டுருச்சே! பம்பெல்லாம் ஜம்முன்னு ஓடுது.

— நிஜமாவா? அப்போ என் ஸ்கிரீன் மட்டும் ஏன் கல்லு மாதிரி நிக்குது?

— ஃபைலை எந்த எடிட்டர்ல திறந்தே?

— நீ சொன்ன விம் எடிட்டர்லதான்! எட்டு வருஷமா நானோ எடிட்டர்ல நிம்மதியா இருந்தேன். நானோ சின்னப் புள்ளைங்களுக்கு, விம்முக்கு வா, விம்முக்கு வான்னு ஒரு மாசமா என் காதைத் தின்னது யாரு?

— சரி, சரி. எப்படி சேவ் பண்ணினே?

— எப்பவும் போலத்தான். கன்ட்ரோலும் எஸ்ஸும்.

— அட கிறுக்கா! நானோவுலதான் அது சேவ் பண்ணும். விம்ல அழுத்தினா, இந்தக் கறுப்பு டெர்மினல் விண்டோ அத 'ஸ்கிரீனை நிறுத்து'ன்னு எடுத்துக்கும். திரும்ப ஓட விட கன்ட்ரோலும் க்யூவும் அழுத்து.

— வெளையாடாதே, கெயில்.

— அழுத்துய்யா.

— ஐயோ... வந்துருச்சு! ஆனா கோவத்துல நான் தட்டினதெல்லாம் இப்ப மளமளன்னு ஃபைலுக்குள்ள ஓடுதே!

— ஓடட்டும். சேவ் பண்ணாம வெளிய வா. அந்த ஒரு வரிய நானோவுலயே மாத்து.

— மாத்திட்டேன். சேவ் ஆயிடுச்சு. பம்பும் புது நேரத்துக்கு வந்துருச்சு. அப்பாடா... ஃபைனலுக்குப் போறேன், கெயில்! முதல் வரிசையில உக்காந்து கத்தப் போறேன்!

— போ, தாராளமாப் போ. நானோவையே வச்சுக்கோ. இனிமே நான் வாயத் திறக்கல.

— அது இருக்கட்டும், நீ எப்படிப் பட்டுன்னு கண்டுபிடிச்சே?

— போன ஜனவரிப் புயல்ல நான் சூ லுக்அவுட் போய்ட்டு வந்தேன்ல?

— மறக்க முடியுமா? தனியாப் போய் பவர் சப்ளைய மாத்திட்டு வந்தே. ஆபீஸே எழுந்து நின்னு கைதட்டிச்சு.

— பவர் சப்ளை நல்லாத்தான் இருந்துச்சு, ஈரோ. எண்ணூறு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து, இதே மேஜையில உக்காந்து, அந்த ரெண்டு பட்டனத்தான் அழுத்தினேன்.