சும்மா இருக்காத ரத்தம்

...என் ரத்தம் தப்பாம்ங்க! அம்பத்தஞ்சு வருஷமா என் உடம்புல ஓடுற ரத்தம். 'உங்களால ஆராய்ச்சியே குழம்பிப்போச்சும்மா'ங்கறார் அந்தச் சின்ன டாக்டர். கொஞ்சம் வெளியே உட்காருங்கன்னுட்டார். எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். அவர் ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்டிருக்காம். அதனால அவருக்கு நாற்காலி, எனக்கு பெஞ்சு.

நீங்களும் பிரஷர்தானே? மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. எங்க ரெண்டு பேருக்குமே உண்டு. ஜோடிப் பொருத்தம்னா அதுல ஒண்ணுலதான்.

இந்த பிளேட்லெட் இருக்கு பாருங்க... அதாங்க, காயம் பட்டா ஓடி வந்து ரத்தத்தை உறைய வைக்குமே, அது. பிரஷர்காரங்களுக்குக் காயமே இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதாம். எண்ணிக்கையெல்லாம் சரியாத்தான் இருக்காம், குணம்தான் சரியில்லையாம். எங்க நாத்தனாருங்க மாதிரி. சண்டையே இல்லாட்டியும் கூடி நின்னுக்குவாங்க. தினமும் நடந்தா அது அடங்குதான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. மாத்திரை அது பாட்டுக்கு அது, நிறுத்தல.

சீட்டுக் குலுக்கினாங்க. அவருக்கு 'நடக்கிறவங்க'ன்னு வந்துச்சு. எனக்கு 'சும்மா இருக்கிறவங்க'. சும்மா! என்னை! பழையபடியே இருங்கம்மா, புதுசா உடற்பயிற்சி எதுவும் வேணாம், அவங்களையும் உங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னார். நானும் தலையை ஆட்டிட்டு வந்தேன்.

இவர் தையல்காரர்ங்க. மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். கீழ விழுந்த ஊசியை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அந்த மனுஷன் விடிஞ்சதும் எழுந்து, கழுத்துல கிடக்கிற டேப்போடயே விறுவிறுன்னு கிளம்பறார். நம்பற மாதிரியா இருக்கு? முனை டீக்கடையில உட்கார்ந்துட்டு, மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்து நின்னா யாருக்குத் தெரியும்? அதான் பின்னாடியே போனேன்.

டீக்கடையைத் தாண்டிப் போயிட்டார். தண்ணி டாங்க் வரைக்கும் நடந்தார், சுத்திக்கிட்டு வந்தார். சரி, இன்னைக்கு ஒழுங்கு. நாளைக்கு? நாளைக்கும் போனேன். அந்த வழியில மேடு வேற. முதல்ல எனக்கு மூச்சு வாங்கிச்சு... அப்புறம் வாங்கல. அதை நான் கவனிச்சிருக்கணும்.

நெசமாத்தான் நடக்கறார்னு சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. அப்புறமும் ஏன் போனேங்கறீங்களா?

...அவரோட அண்ணன். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டிருந்தவர், அப்படியே கட்டில்ல சாஞ்சுட்டார். மூளையில ரத்தம் கட்டிக்கிச்சாம். பக்கத்து ரூம்லதான் நாங்க அத்தனை பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தோம். ஒருத்தருக்கும் தெரியலைங்க. அதான். தெருவுல போற மனுஷனுக்குப் பின்னாடி ஒரு ஆள் வேணாமா? நேராச் சொன்னா, 'நான் என்ன கொழந்தையா'ம்பார். சரி, அதை விடுங்க.

இன்னைக்கு உள்ள போனா, டாக்டர் பேப்பரைப் பார்க்கறார், என்னைப் பார்க்கறார். 'மருந்தை மாத்திக்கிட்டீங்களா? உங்க பிளேட்லெட்டும் நடந்தவங்களுக்கு மாதிரியே அடங்கியிருக்கே?' நான் அதே பழைய மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டறேன். இவர் வாயைத் திறக்கறார். வீட்ல திறக்காத வாய்! 'தினமும் என் பின்னாடிதான் வந்தா டாக்டர். முதல் நாளே தெரியும். அவ ஒளிஞ்சுக்கற லைட்டுக் கம்பம் அவளை மறைக்கிற அகலம் இல்ல'ங்கறார்.

எப்படி இருக்கும் எனக்கு? தெரிஞ்சிருந்தா ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமில்ல? அதையே கேட்டேன். என்னைப் பார்க்கவே இல்ல. டாக்டரைப் பார்த்துதான் சொல்றார்: 'திரும்பிப் பார்த்தா நின்னுடுவா டாக்டர். அவளுக்கும் பிரஷர்தானே? அதான் குறுக்குச் சந்து இருந்தும் சுத்து வழியாவே போனேன்.'

கேட்டீங்களா அநியாயத்தை? முட்டி வலிக்க வலிக்க என்னை மேட்டுல ஏத்தி... எனக்குன்னு ஒரு வார்த்தை... கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு, இந்த ஃபேன்ல அவ்வளவு தூசி. யாரும் துடைக்கிறதில்ல போல. ஏங்க, உங்ககிட்ட கைக்குட்டை...

ஏங்க?

...வாங்க, முடிஞ்சுதா? டாக்டர் என்ன சொன்னார், இன்னும் திட்டினாரா? இங்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க, பார்த்தீங்களா? நல்லாத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க. எப்ப எழுந்தாங்கன்னே தெரியல. ஒரு செருப்புச் சத்தம் இல்ல, ஒரு கதவுச் சத்தம் இல்ல. அந்த வித்தை எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட முதல் நாளே மாட்டியிருப்பேனா?