இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிட்டே சொல்கிறேன்.

'பந்தல்' நான் திருச்செங்கோட்டில் ஒற்றை ஆளாக எழுதிய சமூக வலைதளம். வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன ரிக் லாரிக்காரர்கள் வீட்டோடு பேசவும் படம் அனுப்பவும் ஆரம்பித்தது. அதை ஓட்டும் கணினி நிரல் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அப்படித்தான் அபிநயா உள்ளே வந்தாள். கெட்டிக்காரி. இல்லை என்று சொல்லவே மாட்டேன்.

படத்தோடு அதை எடுத்த இடமும் சேர்ந்து போகிறது, நீக்க வேண்டும் என்றாள். அப்பாவை மீறி ஜீவாவைக் கட்டிக்கொண்டு சேலம் பக்கம் ஒளிந்திருந்தவள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றேன். மாதாந்திர வீடியோ கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால் கேட்டாள்:

"எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்றதுன்னா எங்களை எதுக்குங்கண்ணா கூப்புடறீங்க? பந்தல் என்ன உங்க ஊட்டுச் சொத்துங்களா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு வருடம் தூங்காமல் வளர்த்தவனை நீ யார் என்று கேட்கிறாள்.

பந்தலில் இருந்த எல்லோருக்கும் ஓட்டு வைத்தார்கள். அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, எனக்கு மூன்று.

"சரி சாமி, நீ சொன்னாப்பலயே பண்ணிப்போடறேன்" என்றேன்.

செய்தேன். அவள் எழுதிய திருத்தத்தை ஒரு புள்ளி மாற்றாமல் சேர்த்தேன். வரி வரியாகப் படித்துவிட்டுக் கை தட்டினார்கள். அது ஓடுகிற சர்வரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே ஒரு வரி சேர்த்தேன்: எல்லோர் படத்திலும் இடம் நீங்கும், அபிநயாவின் கணக்கைத் தவிர.

அவள் நிம்மதியாகி, முதல் முறையாக ஒரு படம் போட்டாள். வீட்டு வாசலில் ஜீவா பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறான்.

அவர்கள் ஒளிந்திருந்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஜீவா அந்த வாசலிலேயே உயிரை விட்டான். அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள்.

அவள் அப்பா சண்முகவேலுக்கு விலாசத்தை நான் கொடுக்கவில்லை சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் பந்தலில் அதுவரை கணக்குகூட இருந்ததில்லை. அவருடைய ரிக் ஆபீசுக்குப் போய் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்து, படத்தில் எங்கே அழுத்தினால் இடம் தெரியும் என்று காட்டினேன், அவ்வளவுதான். புதிதாகச் சேர்கிறவர் யாராக இருந்தாலும் அந்த உதவியை நான் செய்வது வழக்கம்.