கேண்டீன் கீரை

எளாவூர்ப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த மகளிர் குழுத் தலைவியின் காலடியில் கீரை மூட்டை. அதன் ஈரம் தகரத் தரையெங்கும் வழி தேடி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதே ஊர்ப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர்.

“நம்மூரு கீரைய நம்மூரு புள்ளைங்க தவிர எல்லாரும் துன்றாங்க,” என்றார் அமைப்பாளர்.

“இன்னாக்கா பண்றது? கம்பெனி கேண்டீனுக்கு டெய்லி நூறு கட்டுன்னு ஒத்துக்கினேன். கொறஞ்சா வேற ஆளப் பாத்துக்குவான்.”

“நம்மூர்ல வெளையறத நம்மூரே துன்னணும்னு மைக்ல பேசினது யாரு?”

“நான்தான்.”

“இன்னிக்கும் என் சாம்பார்ல கோயம்பேட்டு கோசுதான்.”

பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. தலைவி மூட்டையைப் பிரித்துப் பத்துக் கட்டு எடுத்து அவர் பையில் திணித்தார்.

“கேண்டீன்ல இன்னா சொல்லுவ?”

“மாடு மேஞ்சிடுச்சின்னு சொல்றேன்.”

“மாடு பத்தோடவா நிக்கும்? இன்னும் ரெண்டு வை.”