கெஞ்சாத பேச்சு

சிட்னியின் லிட்கம் நிலையத்தில் ரயில் நின்றபோது எதிர் இருக்கையிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னார்:

“நாளைக்கு அகதியளின்ர கூட்டத்தில பேசேக்க நான் ‘தயவுசெய்து’ எண்டு ஒருக்காலும் சொல்லமாட்டன்.”

“நிரந்தர விசா கேக்கப் போறாய். கெஞ்சாமல் எப்பிடியடி?”

“அமெரிக்காவில கறுப்பினச் சனத்தின்ர உரிமைக்காகப் பேசின அந்தப் பாதிரியார் கெஞ்சினவரே? தந்த வாக்கைக் காப்பாத்துங்கோ எண்டெல்லோ கேட்டவர். ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே சனத்தைத் தன்ர பக்கம் இழுத்தவர்.”

“அப்ப உன்ர வசனம் என்ன?”

“‘நான் இஞ்சதான் இருக்கிறன்.’ முதியோர் இல்லத்தில உங்கட தாய்மாரைக் குளிப்பாட்டிறன், நான் இஞ்சதான் இருக்கிறன். என்ர மகள் இஞ்ச பிறந்தவள், நான் இஞ்சதான் இருக்கிறன்.”

தோழி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“எனக்கும் நிரந்தர விசா இல்லைத்தானே. ‘நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்’ எண்டு மாத்து. நானும் உன்னோட மேடைக்கு வாறன்.”