சீயக்காய் தேய்த்த கார்

திருச்சுழி பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க காருக்குச் சீயக்கா தேச்சேன்."

"காருக்கா?"

"ஆயுத பூசைக்குப் பளபளன்னு இருக்கட்டும்னு இவுக இஞ்சின் பெல்ட்டுக்கும் நல்லெண்ணெய் தடவிட்டாக. மறுநாள் கல்யாண வாடகை. வண்டிய எடுத்தா பேட்டரி படம் போட்ட செவப்பு லைட்டு அணையவே இல்ல. மெக்கானிக்கத் தேடிப் போயிட்டாக. நான் இஞ்சின் மூடியத் தொறந்து பெல்ட்டத் தொட்டுப் பாத்தேன். பெல்ட்டு வழுக்குனா பேட்டரி எப்படிச் சார்ஜு ஏறும்? எண்ணெய் தேச்ச தலைக்கு என்ன போடுவோம்? அதையே போட்டு அலசித் தொடச்சேன். சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணுனா லைட்டு அணைஞ்சிருச்சு."

"அவுக என்ன சொன்னாக?"

"கார் ஸ்டாண்டுல போயி, மதுரையில வாங்குன பவுடருன்னு சொல்லியிருக்காக. அங்கயும் எல்லாரும் எண்ணெய் தடவுனவுகதான். ஆளுக்குக் கொஞ்சம் கேக்குறாகளாம்."

மடியில் இருந்த பையைத் தட்டினாள்.

"அந்த மதுரைப் பவுடரை அரைக்கத்தான் மில்லுக்குப் போறேன்."