சிராப் சிந்திய பட்டன்

இந்த அறையில் ஏர்கோன் இரைகிறது. உள்ளே தூசி அடைத்திருக்கும், துடைத்தால் நின்றுவிடும். எனக்குச் சத்தம் விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு. ஒன்று சரியில்லை என்றால் காது அங்கேயே போய் நின்றுகொள்ளும். பரவாயில்லை, நான் மைக்குக்குக் கிட்டே வந்து பேசுகிறேன்.

என் பெயர் சிவேந்திரன். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிழைப்புக்கு விளம்பரக் குரல் பதிவு. மனசுக்கு வேறொன்று. தொண்ணூறுகளில் நம் பையன்கள் கேசட்டில் பாடிய ராப்பைத் தேடிச் சேர்க்கிறேன், இணைய வானொலியில் அதைப் பற்றிப் பேசுகிறேன். அப்போது அவர்களை யாரும் மதித்ததில்லை. கல்யாண வீட்டில் போட்டால் பெரியவர்கள் வந்து வயரைப் பிடுங்குவார்கள். ஒரு டிரம் மெஷின், ஒரு மைக், யாராவது ஒருவன் வீட்டுப் படுக்கையறை, அவ்வளவுதான் வசதி. ஆனால் அந்த அடி, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் வராது. இதைச் சொன்னாலே எனக்குக் கோபம் வந்துவிடும், மன்னியுங்கள்.

அவர்களில் எனக்கு முதல் இடம் கிள்ளானின் 'நாலாங்கட்டை பாய்ஸ்'. ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதில் வரும் கைத்தட்டல் சத்தம் ஒவ்வொரு முறையும் நூலளவு தாமதமாக விழும். கேட்பவன் தலை தானாக ஆடும். அந்தச் சத்தம் வந்த டிரம் மெஷின், குழுவில் இருந்த தம்புசாமியுடையது. அவன் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒருநாள் அவன் சிராப் என்கிற சிவப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கைத்தட்டல் பட்டன்மேல் சிந்திவிட்டான், பட்டன் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது, அதனால்தான் அந்தத் தாமதம் என்று அவன் தம்பி சொன்னான். நான் அதை வானொலியில் சொன்னேன், புத்தகமாகவும் எழுதினேன். குடும்பத்திடமிருந்து மெஷினை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். தம்புசாமிக்கு ஒரு நினைவு விழா ஏற்பாடு செய்து, டி-சட்டையில் 'சிராப் பீட்' என்று அச்சடித்தும் ஆயிற்று.

விழா நெருங்கும்போது உஷாராணி போன் செய்தார். கிள்ளானில் பியூட்டி பார்லர் நடத்துகிறவர். கேசட்டில் கோரஸ் பாடிய பெண் குரல் அவருடையது. அட்டையில் 'ஒரு சகோதரி' என்று மட்டும் இருக்கும்.

"அண்ணே, உங்க ஷோ கேட்டேன். சிராப் கதை நல்லாருக்கு லா," என்று சிரித்தார். "ஆனா பீட்டெல்லாம் போட்டது நான். தம்பு மெஷின் வாங்கினான், அவ்ளோதான்."

நேரில் வாருங்கள், பேசலாம் என்றேன். லிப்ட் இருக்கிறதா என்று கேட்டார். "எனக்கு ஆஸ்துமா அண்ணே, படி ஏறினா இழுக்கும்." மெதுவாக ஏறி வாருங்கள் என்றேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது பழக்கம். ஸ்டூடியோவிலும் போடுவேன். குரல் பதிகிற அறை ஒரு பெட்டி மாதிரி. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, ஜன்னல் கிடையாது, என் மேசைப் பக்கம் திறக்க முடியாத ஒரு கண்ணாடி மட்டும், புகை புகுந்தால் சாயங்காலம்வரை உள்ளேயே நிற்கும். கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் வந்தார். வாசலில் நின்று கைப்பையிலிருந்து ஆஸ்துமா பம்ப்பை எடுத்து இழுத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது.

"எடுங்கண்ணே, அடிச்சுக் காட்டறேன்."

"பழைய சாமான். தொடக்கூடாது," என்றேன்.

"இதேதான் எங்கப்பாவும் சொன்னாரு. கோயிலுக்கு, சாவுக்கு எல்லாம் உறுமி அடிக்கிறவரு. அவரு கை தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடிதான் விழும். பொம்பள உறுமியத் தொடக்கூடாதுன்னு என் கையிலயே போட்டாரு. மெஷினத் தொடாதேன்னு சொல்லத்தான் யாருக்கும் தோணல. தேவார கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் தம்பு வீட்டுக்குப் போவேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு, என் பேரப் போடாதீங்கடான்னு நான்தான் கெஞ்சினேன். இப்ப அவரு இல்ல. மேடையில என் பேர ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"விளக்கேத்த நான் என்ன எம்.பி. பொண்டாட்டியா? பேரச் சொல்லுங்கண்ணே. நீங்க சொல்லலன்னா நானே மேல ஏறிச் சொல்லிடுவேன்."

நியாயமான ஆசைதான். என் பக்கத்தையும் பாருங்கள். இந்த நாட்டில் அந்தக் கேசட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் தெரிந்துகொண்டவர்கள். மண்டபம் நிறைய ஆட்கள் சிராப் சட்டையோடு உட்கார்ந்திருக்க, ஒரு பார்லர்க்கார அம்மா மைக்கைப் பிடித்து அது வெறும் கதை என்றால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

முதலில் ஒரு டேக் பாடுங்கள், பழைய குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். குரல் பதிகிற அறைக் கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். "சாம்பிராணியா? எனக்கு ஆகாதுண்ணே." ஒரு நிமிஷ வேலைதான் என்றேன். பை மைக்கில் சலசலக்கும், வெளியே வைத்துவிடுங்கள் என்றும் நான்தான் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் தாழ்ப்பாளைப் போட்டு, பழைய பீட்டை ஓடவிட்டேன். பையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். வேலை நேரத்தில் இடம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நன்றாகவே பாடினார். இரண்டாவது வரியில் மூச்சு நின்று நின்று வந்தது. "அண்ணே, கதவத் திறங்க. பம்ப்பு பைல இருக்கு," என்றார். தெளிவாகக் கேட்டது, அது நல்ல மைக். அப்புறம் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்.

நான் சொல்ல வந்ததே அந்தத் தட்டலைப் பற்றித்தான். உயிருக்குத் தட்டுகிற கை தாளம் பார்க்காது என்று நினைப்பீர்கள். அவர் காதில் பீட் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் கேசட்டின் கைத்தட்டல்மேலேயே விழுந்தது, அதே நூலளவு தாமதத்தோடு. பட்டன் ஒட்டவே இல்லை. யாரும் எதையும் சிந்தவில்லை. அது அவர் கை. எனக்கு உடம்பு சிலிர்த்து அழுகை வந்துவிட்டது. எழுந்துபோய்த் திறக்கலாம் என்றுகூடத் தோன்றியது. நாற்காலி கிறீச்சிட்டால் பதிவு கெட்டுப்போகுமே என்று அசையாமல் இருந்தேன். அந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் உள்ளே போகாது என்பது எனக்கும் தெரியும்.

தட்டல் நின்ற பிறகும் பீட் முடியும்வரை விட்டேன். பிறகு தாழ்ப்பாளை எடுத்து, பையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சாவுக்குக் காரணம் ஆஸ்துமா என்று எழுதினார்கள். அவர் மகள் வாணி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்ததற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். விழாவும் நடந்தது. 'கோரஸ் பாடிய சகோதரிக்கும்' சேர்த்து அஞ்சலியாக எழுந்து நின்றோம்.

யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். கண்டுபிடித்த ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்திருக்க எனக்கு முடியவில்லை, அதற்குச் சாட்சியாக அன்றைய பதிவு இருக்கிற இந்தப் பென்டிரைவ் ஒன்றுதான் இருக்கிறது. உஷாராணியை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த பீட் அவருடையது என்று கண்டுபிடித்ததும் நான்தான், அதையும் எழுதுங்கள். அவரை யாருமே காது கொடுத்துக் கேட்டதில்லை. கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான்.